கண் திறந்த மூச்சு

போன வாரம் பெரியவளை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்க வைத்துவிட்டோம். வாருங்கள், முதலில் கதவைத் திறப்போம்.

கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. தங்கை, அதாவது நம் சின்னவள், இரண்டு பாய்களையும் விரித்துத் தயாராக இருந்தாள்.

"வா, உட்காரு. முதுகு நிமிரட்டும், தோள் தளரட்டும். இன்னைக்குப் பரீட்சை, பரீட்சைன்னு மனசு குதிக்கும். குதிக்கட்டும், விடு. கண்ணை மூடு."

பெரியவள் மூடினாள்.

"இழு... மெதுவா. நிறுத்து. இப்போ விடு. எங்கே ஓடறே, பஸ்ஸா பிடிக்கப் போறே? நான் சொல்ற வேகத்துல விடு."

"உன் வேகத்துக்கு என் மூச்சு வரமாட்டேங்குதுடி."

"வரும். உன்னை மாதிரியே பிடிவாதம் பிடிச்ச மூச்சு. இழுத்துப் பிடி, வரும்."

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெரியவள் கிரேன் ஓட்டுகிறவள். இரும்புக் குழாய்களை மலை மலையாக அடுக்கி வைத்திருக்கும் யார்டு. அதன் தலைக்கு மேலே பாலம் மாதிரி ஒரு நீண்ட உத்தரம். உத்தரத்தின் அடியில் தொங்கும் கண்ணாடிக் கேபின்தான் அவளுடைய இடம். அங்கே உட்கார்ந்தால் யார்டின் எந்த மூலையும் தப்பாது என்பதால் வேலை இடத்தில் அவளுக்கு 'கழுகு' என்றே பெயர்.

கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவன் அவள் கொழுந்தன். வேலையில் அண்ணி மேலே, கொழுந்தன் கீழே. வீட்டில் அப்படியே தலைகீழ். அவன் மாடி அறையில், அண்ணனும் அண்ணியும் கீழே.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காற்று வந்தது. தொங்கிக்கொண்டிருந்த குழாய்க்கட்டு ஊஞ்சல் மாதிரி ஆடி, கொழுந்தனின் தோளை உரசிக்கொண்டு போனது. தோள் மூட்டு பிசகியதோடு போயிற்று. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் அவனே இல்லை.

அவன் தேறி வேலைக்குப் போய்விட்டான். அவள்தான் தேறவில்லை. மேலே போய் லிவரைத் தொட்டால் கை நடுங்கியது. மூச்சு தொண்டைக் குழியிலேயே நின்றது. படுத்தால் தூக்கம் கிடையாது, சோறு இறங்காது. டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லை. அதிர்ச்சி. ஓய்வு எடுங்க, மனசை அடக்கப் பழகுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் சின்னவள் அக்காவைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேலையே அதுதான். கழுத்து வலியும் முகக்கடுப்புமாக வருகிற அலுவலகக்காரர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, மூச்சுப் பயிற்சியும் உடல் தளர்த்தலும் சொல்லிக் கொடுத்து, ஆட்டுக்குட்டிகளாக்கி அனுப்புகிறவள். பொழுது சாய்ந்தால் அக்காவின் போன் அலமாரிக்குள் போனது. காலை வெயிலில் செருப்பில்லாமல் நடை. சாப்பிடும்போது சாப்பாட்டை மட்டும் பார்ப்பது. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவசரமில்லாமல், தொண்டையில் இறங்குவதைக் கவனித்துக் குடிப்பது. தினமும் விடியலில் இந்த மாடி, இந்தப் பாய், இந்த மூச்சு.

பலன் இல்லாமல் இல்லை. பெரியவளுக்குத் தூக்கம் திரும்பியது. கன்னத்தில் ரத்தம் திரும்பியது. படியேறினால் இரைப்பு இல்லை.

திரும்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்தக் கேபின். அதற்குத்தான் இன்றைக்கு மறுபரிசோதனை. தேறினால் பழைய இடம். தேறாவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஸ்க்ரூவும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதுவும் நிரந்தரமாக.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன்" என்றாள் சின்னவள், பாயைச் சுருட்டிக்கொண்டே. "அங்கே போய் பயம் வந்தா என்ன செய்வே?"

"கண்ணை மூடுவேன். மூச்சைப் பாப்பேன்."

"அவ்வளவுதான். போ, ஜெயிச்சுட்டு வா."

அந்தப் பதிலில் இருந்த ஓட்டையை அக்காவும் பார்க்கவில்லை, தங்கையும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? அத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தார்கள்.

* * *

கீழே சமையலறையில் அவள் கணவர் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்.

மனிதருக்கு பஸ் டெப்போவில் மெக்கானிக் வேலை. இன்ஜின் சத்தத்தை மிஞ்சிக் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. அவர் தெருமுனையில் பேசினால், வந்துவிட்டார் என்று வீட்டில் அடுப்பை ஏற்றலாம். அப்படிப்பட்டவர், 'அமைதி வேணும்' என்று மைத்துனி ஒரு தடவை சொன்ன நாளிலிருந்து வீட்டுக்குள் ரகசியம் போலத்தான் பேசுகிறார். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருகிறார். பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்து வைத்திருக்கிறார்.

"சாப்பாடு கட்டிட்டேன்" என்றார் காற்றுக் குரலில்.

"என்ன?"

"சாப்பாடு. கட்டிட்டேன்."

"ஏங்க, கொஞ்சம் வாயைத் திறந்து பேசுங்களேன். ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரியே இருக்கு."

"சின்னவ திட்டுவா."

"அவ அமைதியைச் சொன்னா. உங்களை ஊமையாகச் சொல்லலை."

அவர் சிரிக்கவில்லை. டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

"ஸ்டோர் ரூமும் நல்ல வேலைதான்" என்றார். "தரையில இருக்கு."

"சுடுகாடும் தரையிலதான் இருக்கு."

"காலங்காத்தால ஏன் இப்படி பேசற? ராத்திரி ராத்திரி எழுந்து உட்கார்ந்து, காத்து வேணும் காத்து வேணும்னு ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. பக்கத்துல நின்னது நான். திரும்ப உன்னை அப்படிப் பாக்க என்னால முடியாது."

பெரியவள் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கித் தன் பையில் வைத்தாள்.

"ஸ்டோர் ரூமுக்கு நான் போவேங்க. எனக்கே அந்த வேலை பிடிச்சிருந்தா இன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போவேன். ஆனா பயந்துக்கிட்டு போகமாட்டேன். பயந்து போனா அந்தப் பயம் அங்கேயும் வந்து என் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கும்."

மாடிப்படியில் காலடி கேட்டது. கொழுந்தன் இறங்கி வந்தான். பூட்ஸ் கட்டியிருந்தான், தலை சீவவில்லை. இடுப்பில் ஆரஞ்சு நிறக் கையுறைகள் தொங்கின. இடது கட்டைவிரலில் மட்டும் பச்சை ரெக்சின் ஒட்டு. கிழிந்த கையுறையை அண்ணன்தான் பஸ் சீட்டுத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்திருந்தார். யார்டு முழுக்க அந்தப் பச்சைக் கட்டைவிரலைத் தெரியும். 'கட்டை தூக்கு' என்றால் மேலே ஏற்று என்று அர்த்தம். பச்சை தெரிந்தால் எவ்வளவு உயரத்திலிருந்தும் அடையாளம் கண்டுவிடலாம்.

"சாப்பிடலையா?" என்றார் அண்ணன்.

"பசியில்லை."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் பசியில்லைண்ணே" என்றான். பிறகு அண்ணியிடம், பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "நீங்க தைரியமா ஓட்டுங்க அண்ணி. கீழே நான் நிக்கிறேன்" என்றான்.

ஆறுதலான பேச்சுதான். ஆனால் அதைச் சொல்கிறபோது அவன் ஏன் பூட்ஸ் கயிற்றையே பார்த்தான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அவள் கவலை.

* * *

யார்டில் காற்று அவ்வளவாக இல்லை. சோதனைக்காக நடுத்திடலைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். ஒரு முனையில் குழாய்க்கட்டு. மறு முனையில் தரையில் வெள்ளைக்கோடு போட்ட கட்டம். இங்கிருந்து தூக்கி அங்கே, கோட்டைத் தாண்டாமல் இறக்க வேண்டும். கேட்க எளிதுதான்.

இரும்பு ஏணிப்படியில் பெரியவள் ஏறினாள். பாதம் ஒவ்வொன்றும் கம்பியில் அழுந்துவதை உணர்ந்தபடி, சின்னவள் சொல்லிக் கொடுத்தபடியே ஏறினாள். இரைக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள்.

கேபினுக்குள் பரிசோதகர் ஏற்கெனவே நின்றிருந்தார். குட்டையான அம்மா. மஞ்சள் தலைக்கவசம் அவருக்கு இரண்டு சைஸ் பெரிது. பேசும்போதெல்லாம் அது மூக்குவரை இறங்கியது, அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டார்.

"நான் பின்னால நிப்பேன். பேசமாட்டேன். நான் இல்லைன்னு நினைச்சுக்கங்க."

இருக்கிற ஒருத்தரை இல்லை என்று நினைப்பது அவ்வளவு சுலபமா என்ன?

நாற்காலி அவளுடையதுதான். இடது கைப்பிடியில் அவள் நகம் கீறிய தடம்கூட அப்படியே இருந்தது. காலுக்கடியில் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் ஆகாயம், அதற்கும் அடியில் பொம்மை போலக் கொழுந்தன். பச்சைக் கட்டைவிரல் உயர்ந்தது.

வலது லிவரை இழுத்தாள். கம்பிவடம் விறைத்தது. குழாய்க்கட்டு தரையை விட்டது.

அந்த நொடியில்தான் பழைய பயம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே இருந்த உலகம் ஒரு ஓரமாகச் சாய்ந்தது போலிருந்தது.

'கண்ணை மூடு. மூச்சைப் பார்.'

மூடினாள்.

தினம் தினம் மாடியில் செய்து செய்து ஊறிய பழக்கம். பயம் வந்தால் கண் தானே மூடியது. இழு... நிறுத்து... ஆனால் இடது கை, கொக்கிவண்டியை நகர்த்தும் லிவரின் மேலேயே இருந்தது. கை மட்டும் பழைய வேலையை மறக்காமல் தள்ளிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே உத்தரத்தில், கொக்கியைச் சுமந்து உருளும் அந்த வண்டி ஒரு வெட்டு வெட்டி ஓடியது. பளு பின்னால் இழுபட்டு, பிறகு முன்னால் பாய்ந்தது.

"நில்லுங்க!" ரேடியோவில் கொழுந்தனின் குரல் கீச்சென்று வந்தது. "அண்ணி, நில்லுங்க!"

கண்ணைத் திறந்தபோது அவன் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். லிவரை விட்டாள். ஆட்டம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. பிறகு பளுவைப் பழைய இடத்திலேயே இறக்கினாள்.

பரிசோதகர் தலைக்கவசத்தை மேலே தள்ளினார்.

"கண்ணை மூடினீங்க."

"ஆமாம்."

"மேல இருக்கிறவங்க கண்ணை மூடிட்டா கீழ இருக்கிறவங்களுக்கு ஏதும்மா கண்ணு?"

பெரியவள் கீழே இறக்கிய குழாய்க்கட்டைப் பார்த்தாள். கன்னம் சுட்டது. கஷ்டப்பட்டுப் பழகிய மருந்தே வாந்தியாக வெளியே வந்தது போலிருந்தது.

"விதிப்படி இன்னொரு தடவை தரலாம்" என்றார் அந்த அம்மா. குரலில் கடுமை இல்லை. "ஆனா நானா இருந்தா வேணாம்னு சொல்லிட்டு இறங்கிடுவேன். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. எனக்குத் தெரிஞ்ச நல்ல நல்ல ஆளுங்க இறங்கியிருக்காங்க."

இறங்கலாம். படி அங்கேதான் இருக்கிறது. கீழே போனால் ஸ்டோர் ரூம். வீட்டுக்குப் போனால் கணவர் நிம்மதியாக மூச்சு விடுவார், பாத்திரத்துக்கு அடியில் துணி அப்படியே கிடக்கும், எல்லோரும் நுனிக்காலிலேயே நடப்பார்கள், வாழ்நாள் முழுக்க.

"டீ நேரம் ஆயிடுச்சுல்ல?" என்றாள்.

"ஆமாம்."

"நீங்க டீ குடிங்க மேடம். எல்லாரும் திடலை விட்டுப் போகட்டும். குழாயைக் கழட்டிட்டு, அதுவரைக்கும் வெறும் கொக்கியை வச்சு உட்கார்ந்திருக்கேன். அப்புறம் சொல்றேன், இறங்கறதா வேணாமான்னு."

பரிசோதகர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ரேடியோவில் கீழே சொன்னார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கேபின் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான் இங்கேயே குடிக்கிறேன். கீழ போய் மறுபடி ஏற என் முட்டி ஒத்துக்காது."

* * *

திடல் காலியாயிற்று. கொக்கி தனியாகத் தொங்கியது. எங்கிருந்தோ லேசாக ஒரு காற்று கிளம்பி அதை அசைத்தது.

பெரியவள் கண்ணை மூடவில்லை. இப்போது மூடப் பயமாக இருந்தது. போக்கிடம் இல்லாமல் கொக்கியையே பார்த்தாள். அது போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது.

அவள் இடது கை தன்னால் லிவரைத் தொட்டது.

கிரேன் ஓட்டப் பழகுகிற எல்லோரும் முதல் நாள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பளு அந்தப் பக்கம் ஆடினால் இந்தப் பக்கம் இழுப்பார்கள். அதோடு மல்லுக்கு நிற்பார்கள். நிற்க நிற்க ஆட்டம் பெரிசாகும். செய்ய வேண்டியது நேர்மாறானது. பளு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கமே கொக்கிவண்டியையும் கூடவே விட வேண்டும். ஓடி ஓடி அது களைத்து நிற்கிற கடைசிப் புள்ளியில் சரியாக அதன் தலைக்கு மேலே போய் நிற்க வேண்டும். ஆட்டம் அடங்கிவிடும். அடக்குவது இல்லை, கூடப் போய் நிற்பது.

இதை அவளுக்கு யாரும் இன்று சொல்லித் தரவில்லை. கைக்கே தெரியும். கொக்கி வலப்பக்கம் ஓடியபோது கை வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் விட்டது. கொக்கி தூக்கத்தில் புரண்ட குழந்தை மாதிரி ஒரு முறை சிணுங்கிவிட்டு நேராக நின்றது.

அப்போது அவள் மூச்சும் வெளியே போய்க்கொண்டிருந்தது. கொக்கியோடு சேர்ந்து, யாரும் சொல்லாமல், முழுசாக.

பெரியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

'அட, இத்தனை நாளும் நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்? இழுத்துப் பிடிச்சேன். அது அந்தப் பக்கம் ஓடும்போது இந்தப் பக்கம் இழுத்தேன். முதல் நாள் வந்த கத்துக்குட்டி மாதிரி என் மூச்சோட மல்லுக்கு நின்னிருக்கேனே!'

அடுத்த காற்று வந்தது. கொக்கி ஆடியது. பயமும் பழையபடி கிளம்பியது. அவள் அதைப் பிடிக்கவில்லை. மூச்சு அவசரமாக ஓடியது. ஓடு என்று கூடவே போனாள். கண் கொக்கியில், பாதம் கண்ணாடித் தரையில், கை லிவரில். ஓடிக் களைத்து மூச்சு ஓர் இடத்தில் நின்றது. அவள் அதன் தலைக்கு மேலே போய் நின்றாள். அது மெல்லத் திரும்பி வந்தது. நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது, படபடக்கட்டும். கை நடுங்கவில்லை.

மறுபடி. மறுபடி. பிளாஸ்க் மூடி திருகும் சத்தம் பின்னால் கேட்டது.

"மேடம்."

"சொல்லுங்க."

"நான் இறங்கலை."

* * *

ஆட்கள் திரும்பினார்கள். குழாய்க்கட்டை மாட்டினார்கள். பச்சைக் கட்டைவிரல் உயர்ந்தது, பெரியவள் வலது லிவரை இழுத்தாள். பளு தரையை விட்ட நொடியில் நெஞ்சு ஒரு தாவு தாவியது. அவள் கண்ணை இன்னும் அகலத் திறந்தாள். மூச்சை அதன் போக்கில் விட்டாள். கட்டு நிதானமாக உயர்ந்து, நிதானமாக நகர்ந்தது.

பாதி வழியில் காற்று வந்துவிட்டது. நிஜமான காற்று. கட்டின் ஒரு முனை திரும்பி, பளு முன்னால் ஓடியது.

அவள் கூட ஓடினாள். தலைக்கு மேலே போய் நின்றாள். ஆட்டம் அடங்கியது. பின்னால் அந்த அம்மா 'ம்' என்று சொன்னது கேட்டது. இல்லாத ஆள் போட்ட 'ம்'.

அடுத்த சைகைக்காகக் கீழே பார்த்தாள்.

சைகை இல்லை.

கொழுந்தன் கயிற்றுக்கு வெளியே, பத்திரமான இடத்தில்தான் நின்றிருந்தான். ஆனால் தலை குனிந்திருந்தது. வலது கை, அன்றைக்கு அடிபட்ட தோளை இறுகப் பிடித்திருந்தது. பச்சைக் கட்டைவிரல் தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. முகத்தைத் தரைக்குக் கொடுத்துவிட்டு நின்றான். பெரியவளுக்கு அவன் கண் தெரியவில்லை. தெரிய வேண்டியதே இல்லை. அந்தத் தோளின் சாய்வை அவளுக்குத் தெரியும். சற்று முன்னால் இதே நாற்காலியில் அவளும் அப்படித்தான் இருந்தாள்.

பசியில்லை, நேற்றும் பசியில்லை. பூட்ஸ் கயிறு. எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. தேறிவிட்டான், தேறிவிட்டான் என்று எல்லோரும் சொன்னோமே! தோளைத்தானே பார்த்தோம்?

சைகை இல்லாமல் பளு நகரக் கூடாது. அது விதி. அவள் லிவரிலிருந்து கையை எடுத்தாள். ரேடியோவை அழுத்தி, மெதுவாக, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே பேசினாள்.

"தம்பி. நான் நிறுத்திட்டேன். ஆட்டம் இல்லை. அவசரமும் இல்லை. உனக்கு எப்போ முடியுமோ அப்போ கையைக் காட்டு. நான் இங்கேதான் இருக்கேன்."

கட்டு அந்தரத்தில் நின்றது. காற்று மறுபடி வந்தது. அவள் அதையும் கூடப் போய் நிறுத்தினாள். எத்தனை மூச்சு போயிருக்கும்? எண்ணவில்லை.

கீழே தலை நிமிர்ந்தது. பச்சைக் கட்டைவிரல், நகர்த்து என்று, பக்கவாட்டில் நீண்டது.

குழாய்க்கட்டு வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு 'தொம்' கூட இல்லாமல் உட்கார்ந்தது.

"நடுவுல ஏன் நின்னீங்க?" என்று கேட்டார் பரிசோதகர்.

"சைகை வரலை மேடம்."

"எவ்வளவு நேரம் வேணாலும் நின்னிருப்பீங்களா?"

"வர்ற வரைக்கும்."

அந்த அம்மா தலைக்கவசத்தைக் கழற்றினார். நரைத்த தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது.

"திங்கள்கிழமையிலேருந்து உங்க நாற்காலி உங்களுக்கு. நீங்க எப்படி ஓட்டினீங்கன்னு மட்டும் பாத்து இதைச் சொல்லலை. எப்படி நின்னீங்கன்னும் பாத்தேன்." படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "கீழ நின்னவரையும் நான் பாத்தேன்மா. பாக்காத மாதிரி போக முடியாது. நாளைக்கு அவரைக் கூப்பிட்டுப் பேசணும்."

* * *

யார்டு வாசலில் அவன் காத்திருந்தான். வாய் மட்டும் சிரித்தது.

"கழுகு திரும்ப வந்துடுச்சு போல."

"வந்துடுச்சு. நீ எங்கேடா போனே?"

சிரிப்பு போய்விட்டது. இடுப்பிலிருந்து கையுறைகளை உருவி அவள் கையில் வைத்தான்.

"இதை வச்சிருங்க அண்ணி. உங்க மேல பயமில்லை, சத்தியமா. தொங்கற எதைப் பாத்தாலும் வருது. நேத்து கடையில தராசு ஆடறதைப் பாத்து வெளியே ஓடிவந்துட்டேன். நாளைக்கு அந்த அம்மா கேட்டா வேலை வேணாம்னு சொல்லிடப் போறேன். அண்ணன்கிட்ட மட்டும் இப்போ சொல்லாதீங்க. உங்களுக்காகவே இத்தனை நாளா தூங்காம இருந்தவர். இன்னைக்கு ஒரு நாளாவது சிரிக்கட்டும்."

"வேணாம்னு சொல்லு. ஆனா நாளைக்கு வேணாம்" என்றாள் அவள். "நாளைக்கு விடியக்காலை மாடிக்கு வா. நானும் வேணாம்னு சொல்றதுக்கு ரெண்டு படிதான் பாக்கி இருந்துச்சு. இதைத் திருப்பிக் கேக்கற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். ஸ்டோர் ரூம்ல மட்டும் கொடுக்கமாட்டேன், தெரிஞ்சுக்கோ."

அவன் முன்னால் நடந்துவிட்டான்.

* * *

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் சத்தம் திரும்பியது.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று கணவர் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே அறிவித்தார். "என் பொண்டாட்டி பாஸாயிட்டா!" பாத்திரங்களுக்கு அடியில் இருந்த துணியை உருவி எறிந்தார். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த தும்மல் ஒன்றை வீட்டுக்குள்ளேயே போட்டார். கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. பெரியவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு! இதுவும் அமைதிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சின்னவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா! நான் சொன்னபடியே கண்ணை மூடினியா?"

"மூடினேன். அதுலதான் முதல் தடவை தோத்தேன்."

"என்னது?"

பெரியவள் சொன்னாள். கொக்கியைச் சொன்னாள், கூடப் போய் நின்றதைச் சொன்னாள். தங்கையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"எந்த வகுப்புலயும் கண்ணைத் திறந்துக்கிட்டுச் சொல்லித் தரமாட்டாங்கக்கா."

"எந்த கிரேன்லயும் கண்ணை மூடிக்கிட்டு உட்கார விடமாட்டாங்கடி."

சின்னவள் முறைத்தாள். பிறகு யோசித்தாள். அவளிடம் அது ஒரு நல்ல குணம், முறைத்தாலும் யோசிப்பாள்.

"கூடவே போய் தலைக்கு மேல நிக்கறதா... என் வகுப்புல ஒரு கண்டக்டர் இருக்கார். கண்ணை மூடினா தூங்கிடறார். அவருக்கு இதைச் சொல்லிப் பாக்கலாம்." நிமிர்ந்தாள். "ஆனா தூக்கம் திரும்பினது என்னாலதான்."

"உன்னாலதான்டி. நீ இல்லைன்னா நான் அந்தப் படியையே ஏறியிருக்கமாட்டேன். நாளைக்கும் வருவேன். மூணு பாயா விரிச்சு வை."

"மூணா? மூணாவது யாருக்கு?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் சமையலறையில் கணவரின் பாட்டு பாதியில் நின்றது.

டப்பாவைக் கழுவ அவளுடைய பையைத் திறந்திருந்தார். அவர் கையில் டப்பா இல்லை. ஆரஞ்சுக் கையுறைகள் இருந்தன. தானே வெட்டித் தானே தைத்த பச்சை ஒட்டை விரலால் தடவிக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றார்.

"இது எப்படி உன் பைக்குள்ள வந்துச்சு?" காலையில் பேசிய அதே காற்றுக் குரல். "இதை அவன் கழட்டிக் கொடுக்கமாட்டானே. தூங்கும்போதுகூடத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கறவன். அவனுக்கு என்ன?"

சொல்லாதீர்கள் என்று கேட்டவன் மேலே இருக்கிறான். சொல் என்று கேட்கிறவர் எதிரே நிற்கிறார். இன்றைக்கு ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்றானே. அந்தச் சிரிப்பு இதோ போய்விட்டது. இனி மறைத்தால் பயம் இந்த வீட்டில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

பெரியவளின் நெஞ்சு ஒரு தாவு தாவியது. அவள் கண்ணை மூடவில்லை. கணவரின் முகத்தையே பார்த்தபடி, ஓடின மூச்சு திரும்பி வரும்வரை நின்றாள். பிறகு அவர் பக்கத்தில் போய், அந்தக் கையுறைகளோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல நீங்க பிடிச்சு வச்சிருக்கிற மூச்சை விடுங்க" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

தலைக்கு மேலே, மாடி அறையில், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த காலடி சட்டென்று நின்றது.